காலையில் குலுங்கும் டீசல் இஞ்சின்: குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மார்கழி, தை மாதங்களில் விவசாயிகள் என்னிடம் அதிகமாகக் கேட்கிற கேள்வி பூச்சியைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ அல்ல. "சார், காலையில வண்டி ஸ்டார்ட் ஆகுது. ஆனா ஆளையே தூக்கிப் போடற மாதிரி குலுங்குது. வெள்ளையாப் புகை தள்ளுது. பத்து நிமிஷம் ஓடினா சரியாயிடுது. இது என்ன கோளாறு?" என்பதுதான் அந்தக் கேள்வி. டிராக்டர் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். காய்கறி ஏற்றிச் செல்ல ஜீப்போ டீசல் காரோ வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் எல்லோருக்குமாக இன்றைக்கு இந்தப் பொருளைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

"பத்து நிமிஷத்தில் சரியாகிவிடுகிறதே, பிறகென்ன?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் பதறிப் போய், "டீசல் பம்ப் போச்சு" என்று யாராவது சொன்னதைக் கேட்டு, முதல் வேலையாகப் பம்பைக் கழற்றக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டந்தான். விட்டுவைத்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் பூச்சைக் கழுவிவிடும். ரிங்கும் லைனரும் தேயும். கீழே ஆயில் நீர்த்துப் போகும். அறுவடை நேரத்தில் ஒரு நாள் வண்டி கிளம்பாமலே நின்றுவிடும். அவசரப்பட்டுப் பம்பைக் கழற்றினாலோ, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக முடியும். ஆகவே, செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு மிகுந்ததைக் கடைசியில் வைத்துக் கொள்கிற ஒரு வரிசையைச் சொல்கிறேன். குறித்துக் கொள்ளுங்கள்.

டீசல் எப்படி எரிகிறது?

முதலில் அடிப்படையைப் புரிந்து கொள்ள வேண்டும். பெட்ரோல் இஞ்சினில் தீப்பொறி போட ஒரு பிளக் இருக்கிறது. டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய எஞ்சினியர் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இஞ்சினின் தத்துவமே அதுதான். காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதைப் பதினாறு, இருபது மடங்கு சுருக்கி இறுக்குகிறது பிஸ்டன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதல்லவா? அதே சங்கதிதான். இங்கே அந்தச் சூடு 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே போகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனி போலத் தூவினால் தானாகப் பற்றிக் கொள்கிறது.

ஆக, டீசல் இஞ்சின் ஒழுங்காக எரிய மூன்று வேண்டும். ஒன்று, போதுமான சூடு. இரண்டு, காற்றுக் கலப்பில்லாத, தண்ணீரில்லாத டீசல், சரியான நேரத்தில், பனி போன்ற தூவலாக. மூன்று, கசியாமல் இறுகுகிற சுத்தமான காற்று. சூடு, எண்ணெய், காற்று. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இஞ்சின் தடுமாறும்.

காலை நேரத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறது? இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பு, காற்றை இறுக்கும்போது வருகிற சூட்டை வாங்கிக் கொள்கிறது. அதனால் பற்றுவதற்குச் சற்றே போதாமல் போகிறது. இஞ்சின் சூடேறிவிட்டால், சின்னச் சின்னக் குறைகளை அந்தச் சூடே மூடி மறைத்துவிடும். ஐடிலிங்கில் மட்டும் ஏன் அதிகமாகக் குலுங்குகிறது? ஐடிலிங்கில் ஒரு தடவைக்கு ஒரு சிலிண்டருக்குள் போகிற டீசல், ஒரு சொட்டை விடக் குறைவு. அவ்வளவு கொஞ்சத்தில், ஒரு சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைந்தாலும் அந்தக் குறை பெரிதாகத் தெரியும். வேகமாக ஓடும்போது தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊட்டியில் மார்கழி, தையில் உறைபனி விழுகிறது. அங்கே இஞ்சின் ஒரு நிமிஷம் முனகினால் அதை இயற்கை என்று சொல்லலாம். தஞ்சாவூரிலும் மதுரையிலும் தை மாத விடியற்காலையில் கூட 20 டிகிரிக்கு அக்கம் பக்கத்தில்தான் இருக்கும். நல்ல இஞ்சினுக்கு அது குளிரே அல்ல. சமவெளியில் ஓர் இஞ்சின் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் குலுங்குகிறது என்றால், "பனிங்க, அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக் கொள்ளக் கூடாது. உள்ளே ஏதோ குறை இருக்கிறது. அதைக் குளிர் காட்டிக் கொடுக்கிறது.

ஸ்பானரைத் தொடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி, இஞ்சினைத் தொடுவதற்கு முன்பே நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்து கொள்ளுங்கள். இதற்குக் காசு வேண்டாம். கண்ணும் காதும் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில்தான் இதைப் பார்க்க வேண்டும். மெக்கானிக் வருவதற்குள் ஒரு தரம் ஓட்டிவிட்டால் தடயம் அழிந்துவிடும்.

முதல் கேள்வி: ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றுகிறது? விறுவிறுவென்று சுற்றுகிறதா, அல்லது கிழட்டு மாடு ஏற்றத்தில் வண்டி இழுக்கிற மாதிரி "ஊ... ஊ..." என்று இழுக்கிறதா?

இரண்டாவது: ஸ்டார்ட் ஆனவுடனே குலுங்குகிறதா? அல்லது நான்கைந்து விநாடி நன்றாக ஓடி, பிறகு தடுமாறி, மறுபடி தெளிகிறதா? இது மிக முக்கியமான வித்தியாசம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது: குலுக்கல் ஒரே தாளத்தில் வருகிறதா? நொண்டுகிற மாடு ஒவ்வொரு அடிக்கும் ஒரே காலில்தான் தாழ்கிறது. அதுபோல "டக் டக்... டக் டக்..." என்று ஒரு தட்டு விட்டுவிட்டு வந்தால், ஒரே ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். தாளமே இல்லாமல் மொத்தமாக ஏறி இறங்கினால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான குறை.

நான்காவது: புகை என்ன நிறம்?

புகை சொல்லும் சேதி

வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கிறது, பச்சை டீசல் வாடை அடிக்கிறது, காற்றில் கலையாமல் நிற்கிறது என்றால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. காலைக் குலுக்கலோடு பெரும்பாலும் வருவது இந்தப் புகைதான்.

வெண்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் கண் கரிக்கவில்லை, வெளியே வந்ததும் ஆவி மாதிரி மறைந்துவிடுகிறது என்றால் அது நீராவி. காலையில் சற்று நேரம் வருவது இயல்பு. ஆனால் ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் குறைகிறது, ஆவியும் நிற்காமல் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். இதில் தாமதம் கூடாது. இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி நின்றால், காலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

கறுப்புப் புகை நிற்காமல் வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் கிளீனரைப் பாருங்கள். ஆயில் பாத் வகையாக இருந்தால் சேறு படிந்த ஆயிலை மாற்றுங்கள். நாலைந்து மாதம் நின்ற வண்டியில் காற்றுக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு. நீலப் புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கலாம்.

முதலில் சூடு

இப்போது சூட்டுக்கு வருவோம். சூடு வர வேண்டுமானால் இஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் இறுகுகிற காற்று ரிங் வழியாக நழுவிவிடும், சூடும் இரும்புக்குள் போய்விடும். ஆகவே ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் முதல் சந்தேகம் பாட்டரிதான்.

பாட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், கழற்றி, வெந்நீரில் சோடா உப்புக் கரைத்துக் கழுவி, நன்றாகத் துடைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இஞ்சின் உடம்போடு சேர்கிற எர்த் ஒயரையும் மறக்காதீர்கள். துரு ஏறிய எர்த் ஒயர், நல்ல பாட்டரியையும் செத்த பாட்டரியாகக் காட்டும். மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். இரவெல்லாம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பாட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே நன்றாக இறங்கினால் பாட்டரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது.

ஆயிலின் கனத்தையும் பாருங்கள். கையேட்டில் சொன்னதை விடக் கெட்டியான ஆயில் ஊற்றினால், காலையில் வெல்லப்பாகு மாதிரி இழுத்துப் பிடிக்கும். "கெட்டியா இருந்தா நல்லதுங்க" என்பது எல்லா நேரத்துக்கும் சரியல்ல.

அடுத்து ஹீட்டர் பிளக். பெரும்பாலான நம் டிராக்டர்களில் டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் தூவப்படுகிறது. அவற்றில் ஹீட்டர் பிளக் இராது. சிலவற்றில் காற்று போகும் வழியில் ஒரு சூடேற்றி மட்டும் இருக்கும். ஆனால் பழைய அம்பாஸடர் டீசல் கார், பழைய டீசல் ஜீப், சிறிய டிராக்டர்கள் சில, இவற்றில் டீசல் ஒரு சின்ன முன்னறையில் எரியத் தொடங்குகிறது. அந்த அறைக்கு ஆரம்பச் சூடு கொடுக்கச் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. நான்கில் ஒன்று செத்துப் போனால், மூன்று சிலிண்டர் பற்றிக் கொள்ளும், ஒன்று குளிர்ந்தே கிடக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் நொண்டும். சூடேறியதும் நான்காவதும் சேர்ந்து கொள்ளும். "காலையில் குலுங்கி, பிறகு சரியாகிறது" என்பதற்கு இது சரியான உதாரணம்.

இதைச் சோதிக்க ஒரு சிறிய 12 வோல்ட் பல்பும் இரண்டு ஒயரும் போதும். சாவியை அணைத்துவிட்டு, பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். பல்பின் ஒரு ஒயரைப் பாட்டரியின் பிளஸ் முனையில் வையுங்கள். மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பாருங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாத பிளக் செத்துவிட்டது. எல்லாம் எரிகிறது, ஆனாலும் சூடு வரவில்லை என்றால், சாவியை ஹீட்டர் நிலைக்குத் திருப்பி, பட்டைக்குக் கரண்ட் வருகிறதா என்று அதே பல்பால் பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ்.

சூட்டைப் பற்றிச் சொல்லும்போது தெர்மோஸ்டாட்டையும் சொல்லியாக வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று அதைக் கழற்றி வீசுகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இஞ்சின் ஏறக்குறைய 80 டிகிரி சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால், காலையில் இஞ்சின் சூடேறவே விடாமல் ரேடியேட்டர் குளிர்வித்துக் கொண்டே இருக்கும். இரண்டு நிமிஷத்தில் தெளிய வேண்டிய குலுக்கல் கால் மணி நேரம் நீளும். டீசலும் கூடுதலாகச் செலவாகும். கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள்.

அடுத்து எண்ணெய்

சற்று முன்னே இரண்டாவது கேள்வியில் ஒரு வித்தியாசம் சொன்னேன். நான்கைந்து விநாடி நன்றாக ஓடி, பிறகு தடுமாறி, மறுபடி தெளிகிறது என்றால், டீசல் வழியில் காற்று புகுந்திருக்கிறது. பம்பிலும் குழாயிலும் மீதமிருந்த டீசலில் வண்டி கிளம்பிவிடுகிறது. பின்னால் காற்றுக் குமிழி வந்ததும் திக்குகிறது. குமிழி கடந்ததும் சரியாகிறது.

டாங்க் இஞ்சினுக்கு மேலே இருக்கிற டிராக்டரில் டீசல் தானாக இறங்கி வரும். அதில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளியே ஈரம் தெரியும், தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். ஆனால் டாங்க் தாழ்வாகப் பின்னால் இருக்கிற ஜீப்பிலும் காரிலும் பம்பு டீசலை உறிஞ்சி இழுக்கிறது. அங்கே குழாயில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இரவில் டீசல் மெல்ல டாங்குக்கே திரும்பி இறங்கிவிடும். பார்த்தால் எல்லாம் உலர்ந்து சுத்தமாக இருக்கும். ஆகவேதான் பலரும் இதில் ஏமாந்து போகிறார்கள்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்யுமுன், கையால் டீசல் ஏற்றுகிற பிரைமரை அமுக்குங்கள். இரண்டு மூன்று அமுக்கில் கெட்டியாகிவிட்டால் குழாயில் டீசல் நிறைந்திருக்கிறது. பத்து இருபது தடவை தொளதொளவென்று போய்ப் பிறகு கெட்டியானால் காற்று இருந்திருக்கிறது. அப்படிக் கெட்டியாக்கிய பிறகு ஸ்டார்ட் செய்து, அன்றைக்கு வண்டி குலுங்காமல் ஓடினால், குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. பம்பையும் நாசிலையும் தொட வேண்டாம். டாங்கிலிருந்து பில்டர் வரை ரப்பர் ஓஸ், கிளிப், செம்பு வாஷர், பில்டரின் ரப்பர் வளையம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு விவசாயி, ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்கிற ஜீப் வைத்திருக்கிறார். காலைக் குலுக்கலுக்காக ஒரு பட்டறையில் டீசல் பம்பை இரண்டு தடவை கழற்றி வேலை பார்த்தார்கள். குலுக்கல் போகவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது இஞ்சினையே இறக்க வேண்டும் என்றார்களாம். இரண்டு நாள் சந்தை தவறியதில் பழுத்த தக்காளி வீட்டிலேயே அழுகியது. கடைசியில் பார்த்தால், டாங்குக்குப் பக்கத்தில் கிளிப்புக்கு அடியில் ரப்பர் ஓஸ் நகக்கண் அளவு வெடித்திருந்தது. ஒரு முழ ஓஸும் இரண்டு கிளிப்பும் ஓர் ஆளின் ஒரு நாள் கூலியை விட மலிவு. பிரைமரை ஒரு காலையில் அமுக்கிப் பார்த்திருந்தால் போதும்.

டீசலில் தண்ணீர் கலப்பதும் உண்டு. பாதி காலியான டாங்கில் இரவு ஈரக்காற்று குளிர்ந்து உள்பக்கம் வியர்க்கும். அந்தத் தண்ணீர் அடியில் சேரும். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். காலையில் பில்டருக்கு அடியில் இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். மண்ணெண்ணெய் கலந்த டீசலை வாங்கவே வேண்டாம். பம்பின் நுட்பமான பாகங்களுக்கு டீசலேதான் மசகு. அதை நீர்க்க விட்டால் பம்பு தேயும்.

எந்தச் சிலிண்டர்?

ஒரு தாளத்தில் நொண்டுகிறது என்று தெரிந்தால், எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கும் எளிய வழி உண்டு. குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து அரை நிமிஷம் ஓடவிடுங்கள். புகை வெளியேறும் மேனிபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயருகிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எரிகிற சிலிண்டரின் மேல் விட்ட சொட்டு முதலில் உலரும். எரியாத சிலிண்டரின் மேல் விட்டது அப்படியே நிற்கும். சொட்டுதான் விட வேண்டும். பழுக்கச் சூடேறிய இரும்பில் தண்ணீரை ஊற்றினால் வெடித்துவிடும். பக்கத்தில் சுற்றுகிற விசிறியில் வேட்டி, துண்டு மாட்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

மெக்கானிக்குகள் இன்னொரு முறை செய்வார்கள். ஓடுகிற இஞ்சினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் ஓட்டம் இன்னும் கெடும். எந்தச் சிலிண்டரைத் தளர்த்தியும் ஓட்டம் மாறவில்லையோ, அதுதான் எரியாத சிலிண்டர். இது பழைய வகைப் பம்பு உள்ள வண்டிக்கு மட்டுமே பொருந்தும். அதையும் பழகிய ஆள்தான் செய்ய வேண்டும்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். இன்றைய டீசல் கார்களில் காமன் ரெயில் என்ற புதிய ஏற்பாடு இருக்கிறது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கும் புகைக் கட்டுப்பாடு கடுமையாக்கப்பட்டதால், அவற்றிலும் இது வந்துவிட்டது. இந்தக் குழாய்களில் டீசல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட காற்றழுத்தத்தில் நிற்கிறது. ஓடும்போது அந்த நட்டைத் தொடவே கூடாது. பழைய பம்பிலும் கசிவைக் கை வைத்துத் தடவிப் பார்க்கக் கூடாது. மயிரிழை போன்ற பீச்சல் ஊசி மாதிரித் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே எறும்பு கடித்த புள்ளி போலத்தான் தெரியும். வலியும் முதலில் இராது. சில மணி நேரத்தில் விரலே போய்விடக் கூடும். அப்படி ஏதும் நேர்ந்தால், "சின்னக் காயம்தானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் பீச்சி உள்ளே போய்விட்டது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவு பார்க்க ஒரு அட்டைத் துண்டைக் காட்டினால் போதும்.

நாசிலா, கம்ப்ரஷனா?

எரியாத சிலிண்டர் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, குறை நாசிலிலா, சிலிண்டரிலா? மெக்கானிக்கிடம் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் பக்கத்துச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். புதுச் செம்பு வாஷர் போட வேண்டும். மறுநாள் காலையில் குறை இன்ஜெக்டரோடு கூடவே பக்கத்துச் சிலிண்டருக்குப் போயிருந்தால், நாசில்தான் காரணம். குறை பழைய இடத்திலேயே நின்றால் நாசிலை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். குறை சிலிண்டரில்.

நாசில் என்றால், பட்டறையில் கைப் பம்புச் சோதனையில் வைத்துப் பார்ப்பார்கள். நீங்களும் தூர நின்று பாருங்கள். பனி போலத் தூவி, "டர்" என்று வெட்டி நிற்க வேண்டும். பிள்ளை சிறுநீர் கழிக்கிற மாதிரி ஒரே தாரையாக வந்தாலோ, நின்ற பிறகு முனையில் சொட்டினாலோ அந்த நாசில் உதவாது. சொட்டுகிற டீசல் குளிர்ந்த இஞ்சினில் எரியாது, சூட்டில் எப்படியோ எரிந்துவிடும். காலைக் குலுக்கலின் ரகசியம் பல வண்டிகளில் இதுதான்.

சிலிண்டரில் குறை என்றால் முதலில் டேப்பட் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, காற்று இறுகாது. அளவு வண்டிக்கு வண்டி மாறும். குளிர்ந்த இஞ்சினில் அளப்பதா, சூட்டில் அளப்பதா என்பதும் மாறும். கையேட்டைப் பார்த்தே செய்யச் சொல்லுங்கள். டேப்பட் சரியாக இருந்தும் குறை போகவில்லை, பிரீதர் குழாயில் குபுகுபுவென்று புகை வருகிறது, ஆயிலும் குறைகிறது என்றால் ரிங், லைனர் வேலை வந்துவிட்டது. கம்ப்ரஷன் மீட்டர் வைத்து எல்லாச் சிலிண்டரையும் அளந்து, ஒன்றுக்கொன்று ஒப்பிட்ட பிறகே இஞ்சினைப் பிரிக்கச் சம்மதியுங்கள்.

எல்லாச் சிலிண்டரும் ஒன்றுபோல் தடுமாறுகிறது, சூடும் சரி, டீசலும் சரி, கம்ப்ரஷனும் சரி என்றால், அப்போதுதான் பம்பின் டைமிங். டீசல் தூவுகிற நேரம் பின்தங்கியிருந்தால் காலையில் வெள்ளைப் புகை வரும். அதற்கும் பிறகுதான் பம்பைக் கழற்றுகிற பேச்சு. இடையில் ஐடிலிங் வேகத்தையும் பாருங்கள். கையேட்டில் சொன்னதற்குக் கீழே இறக்கி வைத்திருந்தால் நல்ல இஞ்சினும் குலுங்கும்.

செய்யக் கூடாதவை

பெட்ரோல் நனைத்த துணியையோ தீப்பந்தத்தையோ காற்றுக் குழாயில் காட்டாதீர்கள். ஸ்டார்ட் ஆவதற்கென்று விற்கிற ஈதர் ஸ்பிரேயை, ஹீட்டர் பிளக்கோ காற்றுச் சூடேற்றியோ உள்ள இஞ்சினில் அடிக்காதீர்கள். நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும், ஆளையும் சுடும். கதவடைத்த கொட்டகையில் இஞ்சினை ஓடவிட்டுக் கொண்டு பக்கத்தில் நிற்காதீர்கள். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாடையும் இல்லை. ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும். குலுங்குகிறதே என்று ஸ்டார்ட் ஆன உடனே ரேஸ் கொடுத்து உறுமவிடாதீர்கள். ஆயில் மேலே ஏறுவதற்கு முன் வேகமாகச் சுற்றினால் பேரிங் தேயும். ஓரிரு நிமிஷம் மெல்ல ஓடவிட்டு, இலேசான வேலையில் சூடேற்றுவதே நல்லது. அரை மணி நேரம் சும்மா ஓடவிடுவதும் வேண்டாம். நாசிலில் கரி பிடிக்கும்.

சுருக்கமாகச் சொன்னால்

ஒன்று: இரவு நின்ற வண்டியில், காலையில், ஸ்டார்ட்டரின் வேகம், குலுக்கலின் தாளம், புகையின் நிறம் இவற்றைப் பாருங்கள். இரண்டு: பாட்டரி, எர்த், ஹீட்டர் பிளக், தெர்மோஸ்டாட். மூன்று: பிரைமரை அமுக்கிக் காற்றையும், குப்பியில் பிடித்துத் தண்ணீரையும் பாருங்கள். நான்கு: சொட்டுத் தண்ணீரால் எந்தச் சிலிண்டர் என்று பாருங்கள். ஐந்து: இன்ஜெக்டரை மாற்றிப் போட்டு நாசிலா, சிலிண்டரா என்று தீர்மானியுங்கள். ஆறு: டேப்பட், கம்ப்ரஷன். ஏழு: கடைசியாக டைமிங்கும் பம்பும். இந்த வரிசை மாறக் கூடாது.

வண்டியோடு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். எந்தத் தேதியில் ஆயில், பில்டர் மாற்றினீர்கள், எத்தனை மணி நேரம் ஓடியது, காலையில் எப்படிக் கிளம்பியது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம், "வண்டி சரியில்லை" என்று சொல்வதற்கும், "நாலு விநாடி ஓடித் தடுமாறுது, பிரைமர் இருபது அமுக்கு வாங்குது" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டாவது மாதிரிச் சொல்கிற விவசாயியிடம் வேண்டாத வேலையை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வேலையை ஊரில் இரண்டு இளைஞர்கள் முறையாகக் கற்றுக் கொண்டால் ஊருக்கே நல்லது. ஆந்திர மாநிலம் அனந்தபூர் பகுதியில் கார்லதின்னே என்ற ஊரில், தென் மாநிலங்களுக்கென்று மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை இருக்கிறது. உங்கள் வட்டார அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

நாளைக் காலையில் வண்டியைக் கிளப்புமுன் சாவியைத் திருப்புவதற்குப் பதில் முதலில் பிரைமரை நாலு தடவை அமுக்கிப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.